இவர் யார் என்று கேட்கும் இயந்திரம்

1858 ஜூலை. சிப்பாய்ப் புரட்சியின் சூடு தணியாத வங்காளம். ஜங்கிபூர் என்ற சிற்றூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற இளம் ஆங்கிலேய அதிகாரி, சாலைக்குப் பரப்பும் பொருள் வாங்குவதற்காக ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரருடன் உடன்படிக்கை எழுதிக்கொண்டார். எழுதிக் கொடுத்ததை அப்புறம் மறுத்துவிடுவார்களோ என்ற சந்தேகம் ஹெர்ஷலுக்கு எப்போதும் உண்டு. அலுவலக முத்திரைக்கு வைத்திருந்த மையை எடுத்துக் கோனாயின் உள்ளங்கையில் தடவி, ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் அழுத்திப் பதித்தார். ரேகை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பது அன்றைக்கு அவருக்கு உறுதியாகத் தெரியாது. மையில் தோய்ந்த தன் கையைப் பார்த்தவன் பிறகு ‘நான் இல்லை’ என்று சொல்லத் தயங்குவான் என்பதுதான் கணக்கு.

யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வானியலாளர் ஹெர்ஷலின் பேரன் இவர். விளையாட்டாகத் தொடங்கியதை விடாமல் பிடித்துக்கொண்டார். தன் விரல்களையே பல பத்தாண்டு இடைவெளியில் பதித்துப் பார்த்தார், கோடுகள் மாறவில்லை. 1877இல் ஹூக்ளி மாவட்ட நீதிபதியாக இருந்தபோது, ஓய்வூதியம் வாங்க வருகிறவர்களிடமும் பத்திரம் பதிய வருகிறவர்களிடமும் விரல்ரேகை வாங்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். ஓய்வூதியக்காரர் இறந்த பிறகும் வேறு யாரோ வந்து பணத்தை வாங்கிப் போவது அப்போது சாதாரணம். பழைய தாளில் இருக்கும் ரேகையையும் எதிரே நிற்பவரின் ரேகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், விஷயம் தெரிந்துவிடும்.

ஹெர்ஷலின் முறை கேட்டது ஒரே கேள்வி: ‘இவர், தான் சொல்லிக்கொள்கிற அந்த ஆள்தானா?’ எதிரே நிற்பவர் தன் பெயரைச் சொல்கிறார், தானாகவே விரலை நீட்டுகிறார், ஒரு தாளுடன் ஒப்பிடுகிறார்கள், விடை ஆம் அல்லது இல்லை. ஆயிரம் பேரின் ரேகை அலுவலகத்தில் இருந்தாலும் அவை ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் தூங்கும். பெயர் தெரியாத ஒரு ரேகையைக் கொண்டுவந்து ‘இது யாருடையது?’ என்று கேட்டால் ஹெர்ஷலின் அலுவலகத்தால் விடை சொல்ல முடியாது. இந்த இரண்டாவது கேள்விக்கு விடை கண்டுபிடித்த நாளில்தான் கண்காணிப்பு என்று இன்று நாம் சொல்வது பிறந்தது என்று நான் நினைக்கிறேன். அந்த விடையும் வங்காளத்தில்தான் கிடைத்தது.

அதற்கு முன் ரேகை எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடலாம். கரு பத்து வாரத்தைத் தாண்டும்போது விரல் நுனிகளில் சிறு மெத்தைபோல் சதை திரண்டிருக்கும். அதன்மேல் தோல் மடிப்புகள் மூன்று இடங்களிலிருந்து அலை அலையாகப் பரவுகின்றன: நுனியின் நடுப்பகுதி, நகத்தை ஒட்டிய ஓரம், மூட்டு மடிப்பு. ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் செயல்படும் இரண்டு வேதிப்பொருள்கள் பரவினால் தாமாகவே கோடுகளும் புள்ளிகளும் உருவாகும் என்று 1952இல் கணித மேதை ஆலன் டூரிங் காட்டியிருந்தார். விரல்ரேகையும் அப்படிப்பட்ட டூரிங் வடிவம்தான் என்பது 2023இல் ‘செல்’ ஆய்விதழில் வெளியான ஆராய்ச்சியில் தெரியவந்தது. அலைகள் எந்த நேரத்தில், எந்தக் கோணத்தில் சந்திக்கின்றன என்பதைப் பொறுத்து வடிவம் அமைகிறது. கருவறையில் நிகழும் மிகச் சிறு வேறுபாடுகூட அதை மாற்றிவிடும். மரபணுவை அப்படியே பகிர்ந்துகொள்ளும் ஒருகரு இரட்டையருக்கும் ரேகை வேறாக இருப்பது இதனால்தான்.

வடிவங்களில் முக்கியமானவை மூன்று. வட்டமாகச் சுழல்வதைச் சக்கரம் என்போம். கைபார்ப்பவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு பக்கமாக உள்ளே வந்து அதே பக்கம் திரும்புவது கண்ணி, அவர்கள் வழக்கில் சங்கு. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடுவது வில். நூறு விரலில் அறுபதுக்கு மேல் கண்ணியும் முப்பதை ஒட்டிச் சக்கரமும் ஏறக்குறைய ஐந்தில் வில்லும் இருக்கும்.

1890களில் வங்காளக் காவல்துறையின் தலைவராக எட்வர்டு ஹென்றி இருந்தார். பாரிசில் பெர்த்தியோன் உருவாக்கிய முறைப்படி கைதிகளின் தலை, கை, கால் நீளங்களைக் கருவி வைத்து அளந்து அட்டைகளில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஆளை இரண்டு பேர் அளந்தால் இரண்டு அளவு வந்தது. ரேகையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ரேகையை எப்படி வரிசைப்படுத்துவது? பெயரை அகரவரிசையில் அடுக்கலாம், வடிவத்தை எப்படி அடுக்குவது? இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்கள் ஹென்றியிடம் வேலை பார்த்த இரண்டு வங்காளிகள், அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ். முறைக்கு ஹென்றியின் பெயர் நிலைத்துவிட்டது. கணக்குப் போட்டவர் ஹக். அவர்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லாமல் இந்த வரலாற்றைச் சொல்வது நியாயமில்லை.

அந்தக் கணக்கு அத்தனை அழகானது. வலது பெருவிரலில் தொடங்கி வலது சுண்டுவிரல் வரை 1 முதல் 5. இடது பெருவிரல் முதல் இடது சுண்டுவிரல் வரை 6 முதல் 10. இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஐந்து இணை. முதல் இணையில் சக்கரம் இருந்தால் மதிப்பு 16, அடுத்ததில் 8, பிறகு 4, 2, 1. சக்கரம் இல்லாவிட்டால் பூஜ்யம். இரட்டைப்படை விரல்களின் மதிப்பைக் கூட்டி ஒன்றைச் சேர்த்து மேலே எழுத வேண்டும், ஒற்றைப்படை விரல்களுடையதைக் கூட்டி ஒன்றைச் சேர்த்துக் கீழே. வலது ஆட்காட்டி விரலிலும் இடது பெருவிரலிலும் மட்டும் சக்கரம் உள்ளவருக்கு மேலே 16, 4, 1 சேர்ந்து 21, கீழே 1. அவர் இருக்கும் அறையின் எண் 21/1. மேலே 32 வாய்ப்பு, கீழே 32 வாய்ப்பு, மொத்தம் 1024 அறைகள். பிற்காலத்தில் கணினிகள் பேசப்போகும் இரும எண்கணக்கை ஹக் மரப்பெட்டி அறைகளை வைத்துச் செய்துவிட்டார். ஒரு அறையில் கூட்டம் அதிகமானால் கோடுகளை எண்ணி மேலும் பிரிக்கும் உள்வகைப்பாட்டைப் போஸ் வளர்த்தெடுத்தார்.

1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பிரிவு தொடங்கியது. 1901இல் லண்டனின் ஸ்காட்லாந்து யார்டு இந்த முறையை ஏற்றது. இப்போது கைதானவன் பொய்ப் பெயர் சொன்னாலும் கவலையில்லை. பத்து விரலையும் உருட்டி எண்ணைக் கணக்கிட்டு அந்த அறையைத் திறந்தால், போன முறை என்ன பெயர் சொன்னான் என்பது தெரிந்துவிடும். உடலைக் கேட்டால் போதும், ஆளைக் கேட்க வேண்டியதில்லை.

நல்ல காரியத்துக்குப் பயன்பட்ட கருவிதான் இது. ஆனால் ‘இவர் யார்?’ என்று கேட்கும் வசதி கையில் கிடைத்ததும் அரசுகள் முதலில் யாரிடம் கேட்டன?

போயர் போரின் நடுவே 1900இல் ஹென்றியைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஜோகன்னஸ்பர்க் காவல்துறையை ஒழுங்குபடுத்தியபோது ரேகை முறையையும் அவர் அங்கே நிறுவினார். 1906இல் டிரான்ஸ்வால் அரசு, எட்டு வயதுக்கு மேற்பட்ட ஆசியர்கள் எல்லாரும் பதிவு செய்துகொள்ள வேண்டும், ரேகை கொடுக்க வேண்டும், கேட்டால் சான்றிதழைக் காட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் எம்பயர் தியேட்டரில் கூடிய இந்தியர்கள் அதற்குப் பணிவதில்லை என்று உறுதி எடுத்தார்கள். சத்தியாகிரகத்தின் தொடக்கம் அந்தக் கூட்டம்தான். காந்தி ஹென்றியின் புத்தகத்தையே வாங்கிப் படித்தார். சட்டப்படி ரேகை கட்டாயமாகக் கேட்கப்படுவது குற்றவாளிகளிடம் மட்டுமே என்று அதிலிருந்து புரிந்துகொண்டார். கடைக்காரரையும் கூலித் தொழிலாளியையும் குற்றவாளி அறைகளில் அடுக்கும் வேலை இது என்பதுதான் அவருடைய எதிர்ப்பு.

அடுத்து நடந்தது யோசிக்க வைப்பது. 1908 ஜனவரியில் ஒரு சமரசம் ஏற்பட்டது: இந்தியர்கள் தாமாக முன்வந்து பதிவு செய்துகொண்டால் கட்டாயச் சட்டம் நீக்கப்படும். காந்தி ஒப்புக்கொண்டார். பத்து விரலையும் கொடுக்க அவரே தயாரானார். பிப்ரவரி 10 அன்று பதிவு அலுவலகத்துக்கு நடந்து போகும் வழியில், துரோகம் என்று கொதித்த மீர் ஆலம் என்ற பட்டாணியரும் கூட்டாளிகளும் அவரை அடித்து வீழ்த்தினார்கள். உடன் சென்ற தமிழர் தலைவர் தம்பி நாயுடு தடுக்கப் போய்த் தானும் அடிபட்டார். காந்தியோ படுக்கையிலேயே முதல் ஆளாகப் பதிவு செய்துகொள்ள விரும்பினார். கட்டாயம் போய்விட்டால் ரேகை கொடுப்பதில் அவமானம் ஒன்றுமில்லை என்பது அவர் நிலை. சட்டம் நீக்கப்படவில்லை என்று தெரிந்ததும் அதே ஆகஸ்டில் ஆயிரக்கணக்கான சான்றிதழ்களைப் பொது இடத்தில் கொளுத்தினார்கள். ஒரே மை, ஒரே விரல். சம்மதம் இருந்ததா என்பது மட்டும்தான் வேறுபாடு.

நம் ஊருக்கு வந்தால் இதே கருவி இன்னும் கொடூரமாக இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டு, பதிவு செய்யப்பட்டவர்களின் ரேகையை எடுக்கும் அதிகாரத்துடன் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதியே குற்றம். மதுரை வட்டாரத்தில் பிரமலைக் கள்ளர்கள்மீது அது பாய்ந்தபோது மக்கள் அதை ‘ரேகைச் சட்டம்’ என்றே அழைத்தார்கள். ஆண்கள் ரேகை பதிய வேண்டும், இரவில் காவல் கண்ணில் படும்படி சாவடியில் வந்து படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். உடம்பு முடியாதவருக்கும் அன்றைக்குத்தான் கல்யாணம் ஆனவருக்கும் அதே சாவடிதான். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூருக்கு ரேகை எடுக்க வந்த காவல் படையிடம், நாங்கள் குற்றம் செய்தவர்கள் இல்லை, ரேகை கொடுக்க மாட்டோம் என்று ஊர் மறுத்தது. துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் இறந்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர். வழக்கில் ஊர் மக்களுக்காக வாதாடியவர் மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப். அந்த மக்கள் அவரை இன்றும் ரோசாப்பூ துரை என்று கொண்டாடுகிறார்கள். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது.

விஞ்ஞானக் கட்டுரையில் இது எதற்கு என்று யாராவது கேட்டால், இதுதான் விஞ்ஞானத்தின் மையம் என்பேன். குற்றம் நடந்த பிறகு ஒருவரைத் தேடுவதும், குற்றமே நடக்காதபோது ஒரு கூட்டத்தையே பெட்டியில் அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பதும் தொழில்நுட்பத்தின் பார்வையில் ஒன்றேதான். இரண்டையும் அதே 1024 அறைகள் செய்கின்றன. வேறுபாட்டை வெளியிலிருந்து நாம்தான் வைக்க வேண்டும்.

இப்போது பெட்டிகளின் இடத்தில் கணினி. ரேகைக் கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற நுண்புள்ளிகளை அது குறித்துக்கொள்கிறது. இரண்டு ரேகைகளின் புள்ளிகள் எவ்வளவு பொருந்துகின்றன என்று மதிப்பெண் போடுகிறது. அது சொல்வது ஆம், இல்லை அல்ல, ஒரு மதிப்பெண். எவ்வளவு வந்தால் ‘பொருந்துகிறது’ என்று எடுத்துக்கொள்வது என்ற எல்லையை மனிதர்தான் தீர்மானிக்கிறார். எல்லையை உயர்த்தினால் உண்மையான ஆளையே மறுக்கும். தாழ்த்தினால் வேறு ஆளை ஏற்கும். ரேஷன் கடையில் வயதான பெண்கள் ‘ரேகை விழமாட்டேங்குது’ என்று முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பது முதல் வகைப் பிழை. உழைத்துத் தேய்ந்த விரலுக்குக் கருவி போடும் தண்டனை அது.

இரண்டாவது வகைப் பிழையில்தான் ‘இவர்தானா?’வுக்கும் ‘இவர் யார்?’ என்பதற்கும் உள்ள தூரம் முழுதாகத் தெரிகிறது. ஒரு கருவி பத்து லட்சம் ஒப்பீட்டில் ஒருமுறை மட்டும் தவறாகப் பொருத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவரை அவருடைய பழைய பதிவுடன் மட்டும் ஒப்பிட்டால் இது அபாரமான துல்லியம். அதே கருவியில் பெயர் தெரியாத ஒரு ரேகையைப் போட்டு ஒரு கோடிப் பேரில் தேடினால் சராசரியாகப் பத்து அப்பாவிகள் பொருந்துவார்கள். நூறு கோடிப் பேரில் தேடினால் ஆயிரம் பேர். கருவி கெட்டுப்போகவில்லை, கேள்விதான் மாறியிருக்கிறது. பதிவேடு பெருகப் பெருக, யாரோ ஒருவருக்கு ஒத்துப்போகும் விரல் எங்கோ இருக்கும் என்பது வெறும் பெருக்கல் கணக்கு.

2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்து 190க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெடிப்பான்கள் இருந்த பிளாஸ்டிக் பையில் கிடைத்த ரேகையை அமெரிக்காவின் எஃப்பிஐ தன் பதிவேட்டில் தேடியது. கணினி இருபது பேரை நெருங்கிய பொருத்தமாகத் தந்தது. நான்காவதாக இருந்த ஓரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவரின் விரல்தான் அது என்று நிபுணர்கள் மூவர் உறுதி சொன்னார்கள். பின்னர் நீதிமன்றம் நியமித்த நிபுணரும் ஆமோதித்தார். ஸ்பெயின் காவல்துறை சந்தேகம் தெரிவித்தும் மே மாதம் அவரைச் சிறைப்பிடித்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஸ்பெயின் உண்மையான ஆளைக் கண்டுபிடித்தது, அல்ஜீரியாவைச் சேர்ந்த வேறொருவர். அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு 20 லட்சம் டாலர் கொடுத்தது. அந்த வழக்கறிஞர் இஸ்லாத்தைத் தழுவியவர். அந்தச் செய்தி தெரிந்த பிறகு நிபுணர்களின் கண்ணுக்குப் புள்ளிகள் இன்னும் நன்றாகப் பொருந்தியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆதாரை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் டெம்ப்ளி என்ற பழங்குடிக் கிராமத்தில் முதல் எண் வழங்கப்பட்டது. இன்று 130 கோடிக்கு மேல். அதற்குள் இரண்டு கேள்விகளும் இருக்கின்றன. பதிவு செய்யும்போது நம் பத்து விரலையும் இரண்டு கருவிழியையும் ஏற்கெனவே உள்ள எல்லாருடனும் ஒப்பிட்டு, ஒருவருக்கு இரண்டு எண் போகாமல் பார்த்துக்கொள்கிறது. அது ‘இவர் யார்?’ வகை. அதன் பிறகு ரேஷன் கடையிலோ வங்கியிலோ எண்ணைச் சொல்லி விரல் வைக்கும்போது அந்த ஓர் எண்ணுக்குரிய பதிவுடன் மட்டும் ஒப்பிட்டு ஆம், இல்லை என்கிறது. ஹெர்ஷலின் கேள்வி.

2014இல் கோவாவில் ஒரு குற்ற வழக்கில், சம்பவ இடத்தில் கிடைத்த ரேகையை ஆதார் பதிவேட்டில் தேடித் தர வேண்டும் என்று சிபிஐ கேட்டது. உயர் நீதிமன்றமும் அதற்கு வழிவிட்டது. எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது ஆதார் ஆணையமே. எங்கள் கட்டமைப்பு புலனாய்வுக்காகச் செய்ததல்ல, இப்படித் தேடினால் அப்பாவிகள் ஏராளமானோர் சந்தேக வளையத்தில் வருவார்கள் என்பது அதன் வாதங்களில் ஒன்று. உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டமும் ரேகை, கருவிழித் தகவலைப் பகிரக் கூடாது என்கிறது. தேசப் பாதுகாப்புக்கு ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது. பதிவேட்டைக் கட்டியவர்களே அதன் கணக்கைப் புரிந்துகொண்டு மறுத்த அந்தத் தருணத்தை நாம் மறக்கக் கூடாது.

முகம் வந்ததும் நிலைமை இன்னொரு படி மாறிவிட்டது. விரலுக்கு மை தடவ வேண்டும் அல்லது கருவியில் வைக்க வேண்டும், அந்த நொடியில் மறுக்கவாவது முடியும். முகத்தை யாரும் கேட்பதில்லை. கேமராவில் விழும் முகத்தை மென்பொருள் சில நூறு எண்களாக மாற்றுகிறது. ஒரே ஆளின் இரண்டு படங்களுக்கு அந்த எண்கள் நெருங்கியிருக்கும்படி லட்சக்கணக்கான முகங்களை வைத்து அதைப் பழக்கியிருக்கிறார்கள். யாருடைய முகங்களை வைத்து என்பது முக்கியம். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2019இல் பல மென்பொருள்களைச் சோதித்தபோது, பலவற்றில் ஆப்பிரிக்க, ஆசிய முகங்களைத் தவறாகப் பொருத்தும் வீதம் வெள்ளையர்களைவிடப் பத்து முதல் நூறு மடங்கு வரை இருந்தது. டெல்லிக் காவல்துறை 80 சதவீதம் ஒத்திருந்தால் பொருத்தமாக எடுத்துக்கொள்வதாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பதில் சொன்னது. அந்த எண்பது வெறும் மதிப்பெண். இவர்தான் அவர் என்பதற்கான வாய்ப்பு எண்பது சதவீதம் என்று பொருளில்லை. தமிழ்நாட்டுக் காவல்துறையும் முகம் தேடும் மென்பொருளைப் பயன்படுத்துகிறது. அதன் எல்லை என்ன, பதிவேட்டில் எத்தனை முகங்கள், அவை எப்படி உள்ளே வந்தன என்று சட்டமன்றத்தில் யாராவது கேட்டே ஆக வேண்டும்.

முகத்தைக் காட்டினாலே திறக்கும் கைப்பேசியில் அந்த எண்கள் கைப்பேசிக்குள்ளேயே ஒரு தனிப் பகுதியில் பூட்டிக் கிடக்கின்றன. உரிமையாளர்தானா என்று மட்டும் அது கேட்கிறது. தொழில்நுட்பத்தால் ‘இவர்தானா?’வோடு நிற்க முடியும். நிறுத்த விருப்பம் வேண்டும்.

2017 ஆகஸ்ட் 24 அன்று ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதற்கு வெகு முன்பே, 1994இல், நக்கீரன் இதழ் தொடர்பான தமிழ்நாட்டு வழக்கிலும் தனித்து விடப்படும் உரிமையை அதே நீதிமன்றம் ஏற்றிருந்தது. கொள்கை அளவில் நாம் நல்ல இடத்தில் இருக்கிறோம். ஆனால் பெருங்காமநல்லூரில் துப்பாக்கி வெடித்த அதே 1920இல் வெள்ளையர் அரசு இயற்றிய கைதிகள் அடையாளச் சட்டத்தை எடுத்துவிட்டு 2022இல் கொண்டுவந்த புதிய சட்டம், கைதாகிறவரிடம் விரல், உள்ளங்கை, பாத ரேகைகளுடன் கருவிழிப் பதிவையும் எடுக்க அனுமதிக்கிறது. மறுப்பது குற்றம். பதிவுகளைத் தேசியக் குற்ற ஆவண அமைப்பு 75 ஆண்டு வைத்துக்கொள்ளலாம். முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால் அழித்துவிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் எல்லா மேல்முறையீடும் முடிந்த பிறகு, நீதிமன்றம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால். இங்கே ஒரு வழக்கு எத்தனை வருடம் போகும் என்று நமக்குத் தெரியும். ஊர்வலத்தில் கைதாகி ரேகை எடுக்கப்பட்ட இருபது வயது மாணவரின் விரல் அவ்வளவு காலமும் தேடும் பதிவேட்டில் இருக்கும். நாட்டின் எந்த மூலையில் எந்தத் திருட்டு நடந்த வீட்டில் ரேகை கிடைத்துத் தேடினாலும், அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அவருடைய பத்து விரலையும் ஒருமுறை விசாரித்துவிட்டுத்தான் கணினி அடுத்தவரிடம் போகும்.